பெற்றோரும் பள்ளி நிருவாகமும்



பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் தவறாமல் எழும் புகார் ஒன்று உண்டு. பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்ததோடு தம் கடமை தீர்ந்தது என்று பெற்றோர் நினைக்கிறார்கள், கூட்டத்துக்கு அழைத்தால் வருவதில்லை, வந்தாலும் வாய் திறப்பதில்லை என்பதே அது. அந்தப் புகாரை அடியோடு மறுக்க நான் வரவில்லை; வராதவர்கள் வராதவர்கள்தாம். ஆனால் வராமலிருப்பவர் என்ன அபிப்பிராயத்தால் வராமலிருக்கிறார், பள்ளியின் நிருவாகத்தில் தமக்கு உரிய இடம் எது என்று அவர் மனத்துக்குள் எண்ணிவைத்திருக்கிறார் என்பதை அவரிடமே விசாரித்து அறிந்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. அந்த அபிப்பிராயம் எப்படி உண்டாயிற்று என்பதையும், அது மாறக்கூடியதுதானா என்பதையும் இன்று ஆராயலாம் என்பது என் உத்தேசம்.

திண்ணைப் பள்ளிக்கூடம் நடந்த காலத்தில் உபாத்தியாயருக்கு அரசாங்கச் சம்பளம் கிடையாது. பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்த நெல்லும் காய்கறியும், பண்டிகை நாட்களில் கிடைத்த துணியும் காசுமே அவருடைய ஜீவனத்துக்கு ஆதாரம். மகனைப் பள்ளியில் விடும்போது, "கண்ணிரண்டையும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று தகப்பனார் சொன்னதாக நாம் கேள்விப்படுகிறோம். தம் அதிகாரம் முழுவதையும் வாத்தியாரின் பிரம்புக்குத் தத்தம் செய்துவிட்ட பெற்றோரின் மனோபாவத்துக்கு இதைப் பலர் உதாரணமாகக் காட்டுவார்கள். எனக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. அவ்விதம் சொன்ன தகப்பனார், ஆண்டு முடிவில் மகனுக்கு ஓலைச்சுவடி வாசிக்கவும் கணக்குப் பார்க்கவும் வரவில்லையென்றால், அடுத்த போகத்து நெல்லை அளக்கும்போது தம் அதிருப்தியை வாய் திறவாமலே தெரிவிக்கக்கூடிய நிலையில் இருந்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பிரம்பு வாத்தியாரிடம் இருந்தது, மரக்கால் பெற்றோரிடம் இருந்தது. ஆயினும் அந்தக் காலத்தைப் போற்றிப் பாட எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில், அந்தத் திண்ணையில் ஏறவே அனுமதிக்கப்படாத ஜாதியாரும், ஏற நினைத்தும் பாராத பெண்களும் ஊரில் பாதிக்கு மேல் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது பெற்றோரின் நிருவாகம் அன்று. ஜில்லா போர்டு பள்ளிக்கூடமும் மிஷன் பள்ளிக்கூடமும் அரசாங்கத்தின் ஆணையும்தாம்.

அந்தக் கதவு திறந்தபோது மரக்கால் கைமாறியது. சென்னை மாகாணத்தில் 1920-ல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. போர்டுகளின் காலம் கழிந்து ஊராட்சி ஒன்றியங்கள் பள்ளிகளை நடத்தின. 1981-ல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். இந்த மாற்றம் ஒவ்வொன்றிலும் நியாயம் இருந்தது. ஒன்றியத் தலைவரின் கோபதாபத்துக்கு ஏற்ப இடமாற்றம் பெற்றுக்கொண்டிருந்த ஆசிரியருக்கு 1981 ஒரு விடுதலை என்பதை அக்காலத்து ஆசிரியர் எவரும் ஒப்புக்கொள்வார். ஆனால் ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது, அவரை நியமிப்பவர் யார், மாற்றுபவர் யார் என்ற கேள்விகளுக்கு உரிய விடைகளெல்லாம் ஊரை விட்டு ஜில்லாவின் தலைநகருக்கும் சென்னைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. பள்ளிக்கூடம் ஊர் நடுவில் இருந்தது. ஆனால் அது ஊருடையதாக இல்லை. தபாலாபீசைப் பார்ப்பது போல ஜனங்கள் அதையும் பார்க்கத் தொடங்கினார்கள்.

இதற்கிடையே ஊரார் பள்ளியைத் தமதென்று எண்ணிய ஓர் அரிய காலமும் இருந்தது. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1958 முதல் கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் எழுதி, கரும்பலகை ஒருவர், கடிகாரம் ஒருவர், கட்டடத்துக்கு நிலம் ஒருவர், சீருடைக்குத் துணி ஒருவர் என்று ஊரார் கொண்டுவந்து கொடுத்தார்கள். மனமுவந்து கொடுத்தார்கள். ஆயினும் கொடுத்தவர்களின் பங்கு கொடுப்பதோடு நின்றுவிட்டது. கடிகாரம் வாங்கித் தந்தவருக்கு, பள்ளி சரியான நேரத்துக்குத் திறக்கிறதா என்று கேட்கும் ஸ்தானம் எதையும் அந்த இயக்கம் அளிக்கவில்லை; அன்றைய ஸ்திதியில் அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பின்னர் எழுந்த பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் பெரும்பாலும் அந்த வழியையே பின்பற்றின. சந்தா வசூலிப்பதும் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுவதுமே கழகத்தின் பணி என்று எத்தனையோ பெற்றோர் இன்றைக்கும் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். பள்ளி தங்களிடம் எதைக் கேட்டதோ அதையே தங்கள் தர்மம் என்று அவர்கள் கொண்டார்கள். பொருள் கேட்டது; கொடையாளர்களானார்கள்.

இப்படிப்பட்ட பெற்றோரின் கையில்தான் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் திடீரென்று ஒரு பெரிய பொறுப்பை வைத்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்றும், அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்றும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும், நலிந்த பிரிவினருடைய பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்களின் விகிதத்துக்கு ஏற்ற இடம் இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. பள்ளியின் நடைமுறையைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் வகுத்துப் பரிந்துரைப்பதும், அரசும் உள்ளாட்சியும் தரும் மானியம் எவ்விதம் செலவாகிறது என்று கவனிப்பதும் குழுவின் பணிகள். தமிழ்நாட்டில் 2022-ல் குழுக்களை 20 உறுப்பினர்களோடு புதிதாக அமைத்தபோது, "நம் பள்ளி நம் பெருமை" என்ற பெயரில் பெரிய பிரசாரமே நடந்தது. 2024-ல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களும் குழுக்களில் சேர்க்கப்பட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு வினோதத்தைச் சுட்டாமல் போக முடியவில்லை. அரசின் உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21-ஆம் பிரிவு பொருந்தாது. மகளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டுகிற, வரவுசெலவுக் கணக்கை வாசித்தறியக்கூடிய, மாலையில் ஓய்வும் உடைய தகப்பனாருக்கு, பள்ளியின் நிருவாகத்தில் பங்கு கேட்கும் பாத்தியதையை இந்தச் சட்டம் அளிக்கவில்லை. அன்றாடம் வேலைக்குப் போய்க் கூலி வாங்கினால்தான் இரவு அடுப்பெரியும் என்ற நிலையிலுள்ள தாயாரை அழைத்துப் பள்ளியை மேற்பார்வையிடு என்கிறது. ஏழையின் மீது வைத்த நம்பிக்கை என்று இதைப் பாராட்டவும் செய்யலாம். அரசாங்கமே செய்ய வேண்டிய கண்காணிப்பை, செய்ய இயலாதவர் தலையில் ஏற்றிய சாமர்த்தியம் என்று கூறவும் செய்யலாம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

சரி, அந்தத் தாயார் தம் இடத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்? "அதெல்லாம் சார்மாருக்குத் தெரியாததா?" என்பதே நாம் முதலில் கேட்கும் பதில். இதை அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. தமக்குத் தெரியாத ஒரு வித்தையில் தாம் தலையிடலாகாது என்ற மரியாதை இதில் இருக்கிறது. எழுத்தறியாதவர் ஒருவர், பட்டம் பெற்றவர் ஒருவரின் வேலையை எந்த அளவுகோலால் அளப்பது என்று கூசுவது இயற்கைதானே? ஆனால் அந்தக் கூச்சத்தின் அடியில் வேறொன்று இருக்கிறது. அதை அவர் சபையில் சொல்லமாட்டார். நம்பிக்கை உண்டான பின் தனியே சொல்லுவார். "என் பிள்ளை அங்கேதானே சார் உட்கார்ந்திருக்கு?" என்பார். தாம் கேள்வி கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் மறுநாள் காலையில் அந்தக் கேள்வியின் பலனைச் சுமக்கப் போவது வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறு குழந்தை என்ற பயம் அவரை விடுவதில்லை. ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் அவ்வாறு பழிவாங்கும் சுபாவம் உடையவர்கள் அல்லர் என்பதை நான் அறிவேன், பெற்றோரும் அறிவார்கள். எனினும் பத்தில் ஒருவர் அப்படியிருந்தால், அந்த ஒருவர் நம் பிள்ளைக்கு வாய்த்தவராக இருக்கக்கூடாதா? ஆஸ்பத்திரியிலோ ரேஷன் கடையிலோ சண்டை போடத் தயங்காத பெண்கள் பள்ளிக்கூட வாசலில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வதற்கு இதுவே காரணம். பெற்றோரின் பங்கேற்பைப் பற்றி வெளியாகும் சுற்றறிக்கைகளில் இந்தப் பயத்தைப் பற்றி ஒரு வரியையும் நான் கண்டதில்லை.

அடுத்தபடி, குழுவில் உறுப்பினராகவோ தலைவராகவோ தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் அனுபவத்தைப் பாருங்கள். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின்கீழ் வரும் பள்ளி மானியம், நூறுக்கு மேல் இருநூற்றைம்பது வரை பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஆண்டொன்றுக்கு 50,000 ரூபாய் என்ற கணக்கில் நிர்ணயிக்கப்பட்டது. குழுவின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைமை ஆசிரியரோடு குழுத் தலைவரும் கையொப்பமிட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சில இடங்களில் காசோலைப் புத்தகம் தலைவரின் வீட்டுக்குச் செல்கிறது. தீர்மானப் புத்தகமும் உடன் செல்கிறது. அதில் தீர்மானம் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. "கையெழுத்துப் போடக் கூப்பிடுவாங்க" என்று ஒருவர் தம் பதவியை விவரித்தால், அதில் அலட்சியம் இல்லை; தமக்கு நேர்ந்ததை உள்ளபடி சொல்லுகிறார். கூட்டமோ வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் நடக்கிறது. அரைநாள் கூலியை இழந்து வந்தவர், முன்பே முடிவான ஒன்றை ஒப்புக்கொண்டு திரும்புகிறார் என்றால், அடுத்த மாதம் அவர் வராததைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

2022-ல் நடந்த இன்னொன்றும் இங்கே கருதத்தக்கது. அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 இடங்களில் தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களே நியமித்துக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 என்பது தொகுப்பூதியம். அதன்மேல் எதிர்ப்பு எழுந்தது, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை விவகாரம் சென்றது. ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது என்ற, நிருவாகத்திலேயே மிக உயர்ந்த அதிகாரத்தைப் பெற்றோருக்குக் கொடுக்கலாம் என்பது எப்போது நினைவுக்கு வந்தது என்றால், வேலை நிரந்தரம் இல்லை, சம்பளமும் சொற்பம், தேர்வு நடத்த நேரமும் இல்லை என்ற தருணத்தில்தான். அதிகாரம் கொடுப்பதாக இருந்தால் அதன் நல்ல பகுதியிலும் ஒரு பங்கு கொடுக்க வேண்டாமா?

பெற்றோருக்கு அக்கறையே இல்லை என்போர் உத்தரப் பிரதேசத்தில் ஜான்பூர் ஜில்லாவில் நடந்த ஆய்வொன்றை ஆதாரம் காட்டக்கூடும். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் செய்து 2010-ல் வெளியிட்ட அந்த ஆய்வு, கிராமக் கல்விக் குழு என்று ஒன்று இருப்பதே பெற்றோரில் மிகப் பலருக்குத் தெரியாது என்றும், குழுவின் உறுப்பினர் சிலருக்கே தாம் உறுப்பினர் என்பது தெரியாது என்றும் கண்டது. தம் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று நம்பிய பெற்றோர் பலரின் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை. உரிமைகளை எடுத்துரைத்தும், பிள்ளைகளை ஊரார் முன்னிலையில் வாசிக்கச் செய்து காட்டியும், ஜனங்கள் குழுவின் வழியே பள்ளியைத் தட்டிக் கேட்க முன்வரவில்லை. இவ்வளவோடு நிறுத்திவிடுவோர் ஆய்வின் பிற்பகுதியை விட்டுவிடுகிறார்கள். சில கிராமங்களில், விருப்பமுள்ள இளைஞர்களுக்குச் சிறிது பயிற்சி அளித்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்பு நடத்த வழிசெய்தார்கள். இளைஞர்கள் முன்வந்தார்கள், வகுப்புக்குச் சென்ற பிள்ளைகள் வாசிப்பில் முன்னேறினார்கள். அதே ஜில்லா, அதே ஜனங்கள். கைக்கு எட்டுகிற காரியத்தைச் செய்தார்கள். எட்டாத சர்க்கார் யந்திரத்தை அசைக்கப் போய் வீணாகவில்லை. இதில் அக்கறையின்மை எங்கே இருக்கிறது?

உண்மையான அதிகாரம் கொடுத்த நாடுகளிலும் கதை நேர்க்கோட்டில் செல்லவில்லை. அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக்கென்று 1988-ல் இயற்றப்பட்ட சட்டம், ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சபை அமைத்து, அதில் ஆறு பெற்றோரையும், வட்டாரத்தார் இருவரையும், ஆசிரியர் இருவரையும், தலைமை ஆசிரியரையும் வைத்தது. தலைமை ஆசிரியரைத் தேர்ந்து நான்காண்டு ஒப்பந்தத்தில் அமர்த்துவதும், ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிப்பதா அனுப்பிவிடுவதா என்று தீர்மானிப்பதும் அந்தச் சபையின் பொறுப்பு. 1989-ல் நடந்த முதல் தேர்தலின் உற்சாகம் பின்னர் வடிந்தது உண்மை. ஆயினும் தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குக் கட்டாயம் வருவார், பெற்றோர் பேசும்போது காது கொடுப்பார் என்பதற்கு அந்த ஒரு ஷரத்தே போதுமானதாயிற்று.

தென்னாப்பிரிக்காவின் அனுபவம் நமக்கு இன்னும் நெருங்கியது. நேட்டால் மாகாணத்தில் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவரின் சந்ததியார், தம் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமென்று தாமே பணம் திரட்டிக் கட்டடம் எழுப்பினார்கள். அங்கே இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்த சீனிவாச சாஸ்திரியார் பெயரால் 1929-ல் டர்பனில் திறந்த கல்லூரியும் இந்தியர்களின் நன்கொடையால் எழுந்ததே. கட்டியவர்கள் அவர்கள், ஆண்டது வேற்றினத்தாரின் அரசாங்கம். நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின், 1996-ன் பள்ளிச் சட்டம் ஆளுமைக் குழுவில் பெற்றோருக்கு மற்றவர் எல்லாரையும் விட ஓரிடமாவது அதிகம் இருக்க வேண்டும் என்று விதித்து, சேர்க்கை, பயிற்றுமொழி, கட்டணம் ஆகியவற்றில் அவர்களுக்குப் பெரிய அதிகாரம் வழங்கியது. வசதி படைத்த பகுதிகளில் வக்கீல்களும் கணக்காளர்களும் குழுவில் அமர்ந்து பள்ளியைத் திறமையாக நடத்தினார்கள். அந்தத் திறமையையே வேலியாகவும் ஆக்கி, மொழியின் பெயராலும் எல்லையின் பெயராலும் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளை வெளியே நிறுத்தவும் சிலர் தயங்கவில்லை. 2024-ல் திருத்தச் சட்டம் கொண்டுவந்து, சேர்க்கையிலும் மொழியிலும் இறுதி முடிவை அரசு தன் பக்கம் இழுத்துக்கொண்டது இதனால்தான்.

ஆகவே பெற்றோர் சொல்வதெல்லாம் வேதம் என்று நான் வாதாடவில்லை. நம் நாட்டிலேயே, காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர் இன்ன ஜாதி என்பதற்காகத் தம் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்த பெற்றோரைப் பற்றி 2023-ல் செய்தித்தாள்களில் படித்தோம். திண்ணைக் காலத்து வாசற்படி இன்னும் சில மனங்களில் இருக்கிறது. குழுவில் நலிந்த பிரிவினருக்கு விகிதப்படி இடம் வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் இதை எதிர்பார்த்தே எழுதினார்கள். அந்த விதியை எழுத்தளவில் நிறைவேற்றிவிட்டு, கூட்டத்தில் யார் நாற்காலியில் அமர்கிறார், யார் கதவோரம் நிற்கிறார் என்று பாராமல் விட்டால் பயன் இல்லை.

பெற்றோருக்குக் குழுவைவிட வலிய ஆயுதம் ஒன்று இருக்கிறது; அதை அவர்கள் நன்றாகவே அறிவார்கள். அதுதான் டி.சி. பேசிப் பயனில்லை என்று தோன்றினால், மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பக்கத்து ஊர் ஆங்கில வழிப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டமே தனியார் பள்ளிகளில் நான்கிலொரு பங்கு இடத்தை நலிந்தோருக்கு ஒதுக்கி அந்த வழியையும் அகலப்படுத்தியிருக்கிறது. அவ்விதம் போகும் ஒவ்வொருவரும் பள்ளியைப் பற்றிய தம் தீர்ப்பை வழங்கிவிட்டே போகிறார். போகிறவர் பெரும்பாலும் கேள்வி கேட்கக்கூடியவர் என்பதால், எஞ்சும் குழு மேலும் ஊமையாகிறது. மாணவர் தொகை குறைந்து பள்ளி தேய்கிறதே என்று வருந்தும் தலைமை ஆசிரியர்கள், போனவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் ஒருமுறையேனும் கூட்டத்தில் பேசினார்கள், பேசியதற்கு என்ன பதில் கிடைத்தது என்று பழைய தீர்மானப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

ஆகையால் இங்கே கூடியிருக்கும் தலைமை ஆசிரியர்களிடம் நான் வேண்டிக்கொள்வது பெரிய காரியம் அன்று. புதிய சட்டமோ புதிய நிதியோ தேவைப்படாதது. வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் கூலிக்காரர் வர இயலாத ஊரில், மேலதிகாரியிடம் பேசிக் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்டு அறியும்படி வாய்விட்டு வாசியுங்கள். கழிப்பறைக் கதவா, குடிநீர்த் தொட்டியா, எதை முதலில் பழுதுபார்ப்பது என்ற ஒரு கேள்வியையாவது உண்மையாகவே அவர்களிடம் விட்டுவிட்டு, அவர்கள் எடுத்த முடிவின்படியே நடந்து காட்டுங்கள். ஆசிரியரைப் பற்றிய குறையைப் பிள்ளையின் பெயர் வெளிப்படாமல் சொல்லும் வழி ஒன்றை ஏற்படுத்துங்கள். தீர்மானப் புத்தகத்தை எழுதாத பக்கத்தோடு கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பெற்றோராக வந்திருப்பவர்களே, இவற்றில் எதையும் உங்கள் பள்ளி செய்யவில்லையென்றால், தனியே ஒருவர் போய்க் கேட்க அஞ்சும் இடத்தில், பத்துத் தாய்மார் சேர்ந்து போய்க் கேளுங்கள். கேட்கும் உரிமையை 21-ஆம் பிரிவு உங்களுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது.